கணினி நாற்பது, கணக்கில் பதினேழு

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 40 விண்டோஸ் கணினிகள். நெட்வொர்க் பழையது, இணைய வேகமும் குறைவு. ஆளாளுக்கு அப்டேட் இறக்கி லைனை அடைக்கிறார்களே என்று சர்வரில் டபிள்யூசஸ் (WSUS: விண்டோஸ் அப்டேட்களை ஒரே இடத்தில் இறக்கி, எல்லாக் கணினிக்கும் பகிரும் மென்பொருள்) போட்டேன். பட்டியலில் 17 கணினிதான் தெரிகிறது. இன்று இருக்கும் பெயர் நாளை காணோம், வேறொன்று முளைக்கிறது. அதற்குள் சர்வர் டிஸ்க்கும் நிரம்பிவிட்டது. என்ன செய்ய?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: ஒரு கணினியில் விண்டோஸ் போட்டு, அதை இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்து மற்றவற்றில் இறக்கியிருப்பீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் அந்த 'முளைக்கிறது' காட்டிக்கொடுத்துவிட்டது!

ஒவ்வொரு கணினியும் 'சஸ்கிளையன்ட்ஐடி' (SusClientId) என்ற அடையாள எண்ணைச் சொல்லித்தான் டபிள்யூசஸிடம் பேசும். இமேஜோடு அதுவும் நகலாகிவிடும். ஒரே எண்ணோடு ஐந்து கணினி வந்தால் சர்வருக்கு ஐந்தும் ஒன்றுதான். கடைசியாகப் பேசியதன் பெயர் பட்டியலில் நிற்கும்.

காணாமல்போகும் கணினியில் விண்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்துங்கள். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) பேக்கப் எடுத்துக்கொண்டு, விண்டோஸ்அப்டேட் கீயில் உள்ள சஸ்கிளையன்ட்ஐடி, சஸ்கிளையன்ட்ஐடிவேலிடேஷன் (SusClientIdValidation) இரண்டையும் அழித்துவிட்டு, சர்வீஸை மறுபடி ஓடவிடுங்கள். புது எண்ணைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பட்டியலில் வரக் கொஞ்சம் நேரமாகலாம், பதறவேண்டாம். ஸ்கிரிப்ட் எழுதினால் ஒருமுறை மட்டும் ஓடும்படி எழுதுங்கள். தினமும் ஓடினால் தினமும் புது எண், அது இன்னொரு தலைவலி.

டிஸ்க் விஷயத்தில் என் சந்தேகம் டிரைவர்கள் (பிரின்டர் போன்ற வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) மேல். நான் டிரைவரை டபிள்யூசஸ் வழியாக அனுப்புவதே இல்லை. டபிள்யூசஸின் கிளாசிஃபிகேஷனில் (அப்டேட் வகைகளின் பட்டியல்) அந்த டிக்கை எடுங்கள். ஆனால் டிக்கை எடுத்தால் ஏற்கெனவே இறங்கியது போகாது. அவற்றையும், புதியது வந்து காலாவதியான அப்டேட்களையும் டிக்ளைன் செய்துவிட்டு (வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு), டபிள்யூசஸிலேயே இருக்கும் சர்வர் கிளீனப் விசார்டை ஓடவிடுங்கள். உங்களிடம் இல்லாத மென்பொருள், மொழி எதற்காவது டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடலாம்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அப்ரூவல் கொடுக்காதீர்கள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மைக்ரோசாப்டிலிருந்து வரும் அப்டேட்களை முதலில் நான்கைந்து கணினிக்கு மட்டும் கொடுங்கள். பிரின்டரும் கணக்கு மென்பொருளும் ஒழுங்காக ஓடினால் ஒரு வாரத்தில் மற்றவற்றுக்கும். அதற்குமேல் இழுக்கவேண்டாம். 2017 மே மாதம் வானாக்ரை (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ்) பரவியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது.

40இல் விண்டோஸ் 7 ஏதாவது இருந்தால் டபிள்யூசஸால் அதைக் காப்பாற்ற முடியாது. அதன் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. அதை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.