கல்லைத் தேடியபோது கண்ணில் பட்ட கட்டி

கேள்வி: எனக்கு வயது 52. ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். விலா வலிக்காக சி.டி. ஸ்கேன் எடுத்ததில் சிறுநீரகத்தில் 4 மி.மீ. கல் இருப்பது தெரிந்தது. கூடவே, ‘இடது அட்ரீனல் சுரப்பியில் 2.1 செ.மீ. கட்டி, சீரானது, அடர்த்தி 6 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு’ என்றும் எழுதியிருக்கிறார்கள். உடனே அறுவை சிகிச்சை செய்துவிடு என்கிறார் அண்ணன். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பத்து நாட்களாகத் தூக்கமே இல்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, பத்து நாட்கள் நீங்கள் விழித்துக் கிடந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பயத்துக்கான பதில் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. அதை உட்கார்ந்து விளக்கிச் சொல்லத்தான் ஆளில்லாமல் போயிற்று.

அந்த 6 என்ற எண்ணைப் பாருங்கள். அடர்த்தியைக் காட்டும் இந்த ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் வரும் சாதாரணக் கட்டிகள் பலவற்றில் கொழுப்பு நிறைந்திருக்கும். அதனால் எண் குறைவாக வரும். சாயமருந்து ஏற்றாமல் எடுத்த ஸ்கேனில், சீரான கட்டியின் அடர்த்தி 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது புற்றுநோய் அல்ல. கல்லுக்காக எடுக்கும் சி.டி.யில் வழக்கமாகச் சாயமருந்து ஏற்றுவதில்லை. உங்களுக்கும் அப்படித்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2023இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், இத்தகைய கட்டிக்கு மறுபடி ஸ்கேன்கூட வேண்டாம் என்கிறது. அண்ணனின் பதற்றம் பாசத்தால் வந்தது. ஆனால் கத்தி வைக்க இப்போது காரணமே இல்லை. சதைப் பரிசோதனையும் வேண்டாம். அட்ரீனல் கட்டிகளில் அட்ரினலின் சுரக்கும் ஒரு வகை உண்டு. அது இல்லை என்று உறுதியாகாமல் ஊசி குத்தினால் இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் எண்ணைப் பார்த்தால் அந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

என் கவனமெல்லாம் உங்கள் இரத்த அழுத்தத்தின் மேல்தான். அட்ரீனல் கட்டி சில சமயம் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அது உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, அழுத்தத்தை ஏற்றும். உங்களுக்கும் அதுதான் காரணம் என்றால் சிகிச்சையே மாறும். ஆகவே ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் சென்று ஆல்டோஸ்டிரோன், ரெனின் (ஆல்டோஸ்டிரோனைத் தூண்டும், சிறுநீரகம் சுரக்கும் பொருள்), பொட்டாசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சில இரத்த அழுத்த மாத்திரைகள் முடிவை மாற்றிவிடும். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அட்ரீனல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலுக்கும் பரிசோதனை அவசியம்: இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, மறுநாள் காலை இரத்தம். இந்த இரண்டு பரிசோதனைகளும் சரியாக இருந்தால் கட்டி பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்லை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்! 4 மி.மீ. கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். ஆனால் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அன்று இரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.