இத்தாலிய நகரங்கள் ஏன் ஒரே குடும்பத்தின் கைக்குப் போயின?

இடைக்கால இத்தாலியில் மிலான், வெரோனா, ஃபெராரா போன்ற நகரங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் ஆண்டது. இதற்குப் பெயர் சிஞ்ஞோரியா. அதற்கு முன்பு அந்த நகரங்களைக் குடிமக்கள் அவைகளே நடத்தின. பிறகு ஏன் மாறியது?

உட்பகைதான் காரணம். போப் பக்கம் ஒரு கட்சி, புனித ரோமானியப் பேரரசர் பக்கம் இன்னொன்று. அதற்குள் குடும்பச் சண்டை வேறு. பெரிய வீட்டுக்காரர்கள் பாதுகாப்புக்காக நகரத்துக்குள்ளேயே கோபுரம் கட்டிக்கொண்டார்கள். பொலோன்யாவில் இன்றும் நிற்கும் அசினெல்லி கோபுரம் ஏறக்குறைய 97 மீட்டர்! தோற்ற கட்சியை ஊரைவிட்டே துரத்தினார்கள்.

அடுக்குமாடிச் சங்கத்தில் இரண்டு கோஷ்டி மோதினால் வெளியாள் ஒருவரை நிர்வாகியாகப் போடுவோம் இல்லையா? அவர்களும் வெளியூரிலிருந்து போதெஸ்தா என்ற நிர்வாகியை ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ அழைத்தார்கள். அதுவும் போதவில்லை. கடைசியில் ஒருவரிடமே முழு அதிகாரத்தைக் கொடுத்தார்கள். 1264இல் ஃபெராரா மக்கள் அவை ஒபிட்சோ தெஸ்தேயை நிரந்தரத் தலைவராக அறிவித்தது. அந்த அறிவிப்புக்குப் பின்னால் ஆயுதப் படை இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அப்புறம் அந்தப் பதவி வாரிசுரிமையானது. மிலானின் ஜான் கலியாத்சோ விஸ்கோந்தி 1395இல் ஜெர்மன் அரசர் வென்செஸ்லாஸிடம் பணம் கொடுத்தே டியூக் என்ற உயர் பிரபுப் பட்டம் வாங்கினார்.

பலரும் ஃபிளாரன்ஸ் நகரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தைப் பழைய பிரபு வம்சம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் வங்கி நடத்திய குடும்பம், ஃபிளாரன்ஸின் டியூக் பட்டம் 1532இல்தான் வந்தது.