அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 19 வயதில் டிரக் லைசென்ஸ் எடுத்தால், மாநில எல்லையைத் தாண்டாத வரை எந்த லோடும் ஓட்டலாமா?

லைசென்ஸ் எடுக்கலாம். எந்த லோடும் ஓட்ட முடியாது. டெக்சாஸ் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள், அதை வைத்தே சொல்கிறேன்.

சி.டி.எல். எனப்படும் வணிக வாகன ஓட்டுநர் உரிம அட்டையைத் தருவது மாநிலம். ஆனால் 1986 சட்டத்துக்குப் பிறகு, குறைந்தபட்சத் தகுதியும் தேர்வும் என்னவென்று வகுப்பது மத்திய அரசு. மாநிலம் அதைக் கடுமையாக்கலாம். தன் எல்லைக்குள் நடக்கும் ஓட்டத்துக்குச் சிலவற்றைத் தளர்த்தவும் செய்யலாம். வயது அப்படித் தளர்ந்த ஒன்று: மாநிலத்துக்குள் 18, மாநிலங்களுக்கிடையே 21.

எது "மாநிலங்களுக்கிடையே" என்பதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். வண்டி எங்கே ஓடியது என்பதை விட, சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்பதே கணக்கு. ஹூஸ்டன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய கன்டெய்னரை டாலஸ் கிடங்கில் சேர்க்கிறீர்கள். வழி முழுக்க டெக்சாஸ்தான். ஆனால் அந்தச் சரக்கு டாலஸுக்கென்றே வெளிநாட்டில் ஏறியது என்றால், நீங்கள் ஓட்டுவது அதே பயணத்தின் கடைசித் துண்டு. 21 ஆகாமல் அதைத் தொடக்கூடாது. சாலையில் நிறுத்தும் அதிகாரி பில் ஆஃப் லேடிங் என்ற சரக்குச் சீட்டைக் கேட்பார்; புறப்பட்ட இடமும் சேருமிடமும் அதில் இருக்கும். டெக்சாஸ் குவாரி ஜல்லியை டெக்சாஸ் கட்டுமானத்துக்குக் கொண்டு போனால் தகராறு இல்லை. 18 வயதுக்காரர்களை இப்படித் துறைமுகச் சரக்கை ஏற்றி அனுப்பிவிட்டு "பார்டர் தாண்டாதே, போதும்" என்று சொல்லும் முதலாளிகள் செய்வது பெரிய அநியாயம். பிடிபட்டால் அந்தப் பதிவு ஓட்டுநரின் பெயரையும் விடாது.

18-20 வயதினருக்கு 2022-இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தை யாராவது இங்கே நினைவூட்டலாம். அது பதிவு செய்த நிறுவனங்களுக்கு மட்டும் தந்த விலக்கு. 21 என்ற விதி மாறவில்லை.

விண்ணப்பத்தில் நான்கு பிரிவுகளில் ஒன்றை நீங்களே உறுதிமொழியாகத் தர வேண்டும்: மாநிலத்துக்குள்ளா வெளியேயா, மருத்துவ விதி பொருந்துமா விலக்கா. உங்களுக்கு மாநிலத்துக்குள் என்பதுதான். அட்டையில் "கே" என்ற கட்டுப்பாட்டு எழுத்து விழும், மாநிலத்துக்குள் மட்டும் ஓட்டலாம் என்று அதற்குப் பொருள். ஓட்ட நேரமும் அதையொட்டி மாறும். மத்திய விதியில் 10 மணி நேர ஓய்வுக்குப் பின் 11 மணி நேரம் ஓட்டலாம். டெக்சாஸுக்குள் மட்டும் ஓடினால் 8 மணி நேர ஓய்வுக்குப் பின் 12.

மாநிலத்துக்குள் மட்டும் ஓடினாலும் தளராதவை உண்டு. கற்றல் அனுமதி கையில் வந்து 14 நாள் கழியாமல் ஓட்டும் தேர்வு கிடையாது. 2022 பிப்ரவரி 7 முதல் மத்தியப் பதிவேட்டில் உள்ள பயிற்சியாளரிடம் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதற்கு மத்திய விதி மணிக்கணக்கு எதுவும் வைக்கவில்லை. வாஷிங்டன் மாநிலமோ பெரிய டிரெய்லரை இழுக்கும் டிரக்குகளுக்கான ஏ வகுப்புக்கு 160 மணி நேரம் கேட்கிறது. கஞ்சா ஒரு மாநிலத்தில் சட்டபூர்வமாகவே இருந்தாலும், ஓட்டுநருக்கான போதைப்பொருள் பரிசோதனையில் தெரிந்தால் அந்த மீறல்களைப் பதியும் மத்தியத் தரவகத்தில் ஏறும். 2024 நவம்பர் 18 முதல், அப்படி ஏறியவரின் சி.டி.எல். தகுதியையே மாநிலம் நீக்கியாக வேண்டும்.

கேள்விக்கு வெளியே ஒன்று, சொல்லாமல் விட மனமில்லை. சில பயிற்சிப் பள்ளிகள் ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை மட்டும் கொடுத்துத் தேர்வுக்கு அனுப்புகின்றன. அதில் தேறினால் "ஈ" கட்டுப்பாடு விழும், மேனுவல் கியர் டிரக்கை ஓட்ட முடியாது. காசு வாங்கும் முன் இதைச் சொல்ல வேண்டாமா? தேர்வு எந்த வண்டியில் என்று நீங்களே கேளுங்கள். ஏர் பிரேக் இல்லாத வண்டி என்றால் "எல்" விழும், ஏர் பிரேக் உள்ள டிரக்கை ஓட்ட முடியாது; அதையும் பாருங்கள்.

21 ஆனதும் "கே" தானாகப் போகாது. மத்தியப் பதிவேட்டில் உள்ள மருத்துவரிடம் சான்று எடுத்து, உறுதிமொழிப் பிரிவை மாற்றி, அட்டையைப் புதிதாக வாங்குங்கள். புது அட்டை வரும்வரை துறைமுகக் கன்டெய்னரை ஏற்காதீர்கள்.