கால் வாட்டும் அறுபது வாட்டும்

கேள்வி: கெஃப் எல்.எஸ்.50 மெட்டா ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். அறை பன்னிரண்டுக்குப் பதினாலு அடி, எட்டடி தள்ளி உட்கார்ந்து கேட்பேன். 250 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இல்லாமல் இது வாயே திறக்காது என்கிறார் கடைக்காரர். மைத்துனரோ, தன்னிடம் சும்மா கிடக்கும் 8 வாட் வால்வு ஆம்பை (கண்ணாடிக் குழல் வைத்த பழைய பாணி) எடுத்துக்கொள், அந்த இனிமை வேறெதிலும் வராது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், கோவை)

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். ஸ்பீக்கரோடு வந்த தாளை எடுத்துப் பாருங்கள், சென்சிடிவிட்டி 85 டெசிபல் என்று இருக்கும். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் கேட்கும். நீங்கள் உட்காரும் இடத்துக்கு வரும்போது அதில் கொஞ்சம் தேய்ந்துபோகும், இரண்டு பெட்டிகளும் சுவர்களும் சேர்ந்து கொஞ்சம் திருப்பித் தரும், கூட்டிக் கழித்தால் 82 என்று வையுங்கள். வீட்டில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க 75 தாராளம், அதற்குக் கால் வாட் கூடத் தேவையில்லை! அப்புறம் எதற்கு 250?

சிக்கல் மிருதங்கத்தில் இருக்கிறது. நல்ல பதிவில் ஒரு அடி விழும் கணத்தில் சத்தம் சராசரியைவிட 20 டெசிபல் மேலே துள்ளும், 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு வாட். கால் வாட் அந்த ஒரு நொடிக்கு 20, 25 வாட் ஆகிவிடும், நீங்கள் வால்யூமை 80 டெசிபலுக்கு ஏற்றியிருந்தால் 60 வாட்டைத் தாண்டும். மைத்துனரின் 8 வாட் அங்கே திணறும். இன்னொன்று, இந்த ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை பெயருக்குத்தான் 8 ஓம், சில சுருதிகளில் 3.5 ஓம் வரை இறங்குகிறது, ஓம் இறங்க இறங்க ஆம்ப் அதிகக் கரண்ட் தர வேண்டும். அப்படி ஏறி இறங்கும் ஸ்பீக்கரில் சின்ன வால்வு ஆம்பைக் கட்டினால், அது பாட்டின் ஒரு பகுதியைத் தூக்கியும் இன்னொன்றை அமுக்கியும் கொடுக்கும். சிலருக்கு அதுதான் இனிமையாகப் படுகிறது, சண்டைக்குப் போக மாட்டேன்.

ஸ்பீக்கரைச் செய்த கெஃப் கம்பெனி சொல்வது 40 முதல் 100 வாட். நான் 60க்கும் 100க்கும் நடுவில் தேடுவேன். ஆனால் வாட்டை மட்டும் பார்க்காமல், 8 ஓமில் 60 தரும் ஆம்ப் 4 ஓமில் எவ்வளவு தருகிறது என்று பாருங்கள், 100க்குப் பக்கத்தில் வந்தால் அதில் கரண்ட் இருக்கிறது, 65லேயே நின்றுவிட்டால் டிரான்ஸ்பார்மரில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 1978ல் வந்த என்.ஏ.டி. 3020 ஆம்ப் காகிதத்தில் வெறும் 20 வாட், ஆனால் ஓம் இறங்கினாலும் மூச்சு வாங்காது, அதனால்தான் இன்றும் பழைய ஆட்கள் அதன் பெயரைச் சொல்கிறார்கள். கடைசியாக, உங்கள் பெட்டிகளையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கேளுங்கள், கனம்தான், பரவாயில்லை.

கேள்வி: ஸ்பீக்கரில் 100 வாட் என்று போட்டிருக்கிறது. 150 வாட் ஆம்ப் கட்டினால் எரிந்துவிடுமா? (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் கை வால்யூமில் அடக்கமாக இருந்தால் எரியாது. சின்ன ஆம்பை முட்ட முட்டத் திருகினாலும் ஆபத்துதான், சக்தி போதாமல் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, வழக்கத்தைவிட அதிகமான சூடு ட்வீட்டருக்கு (கீச்சு ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) போகும். ஒரு கல்யாண வீட்டில் 15 வாட் ஆம்பை வைத்துக்கொண்டு கூடத்தையே அதிர வைக்கப் பார்த்து, சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் இரண்டு ட்வீட்டர்களையும் காலி செய்தவன் நான். ஸ்பீக்கர்காரரைத் திட்டினேன், தப்பு என்னுடையது.

கேள்வி: கையடக்க டி கிளாஸ் ஆம்பில் 300 வாட் என்கிறார்களே, நம்பலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: டி கிளாஸை நம்பலாம், கரண்டை வேகமாகப் போட்டு அணைத்து வேலை செய்யும் வகை அது, அதனால் சூடு குறைவு, நம் ஊர் மே மாதத்துக்கு அது பெரிய விஷயம். அந்த 300ஐத்தான் நம்ப வேண்டாம். பக்கத்தில் பொடி எழுத்தில் 4 ஓம், 10 சதவீதம் டிஸ்டார்ஷன் (ஒலித் திரிபு) என்று இருக்கும், 10 சதவீதத்தில் பாடகர் குரல் கரகரத்துப் போயிருக்கும். அதோடு வரும் அடாப்டரையும் திருப்பிப் பாருங்கள்: 32 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 160 வாட்தான். 300 எங்கிருந்து வரும்?