மாதிரிகள் அனுப்பியும் பதில் இல்லையா?

எழுத்து வேலை கேட்டுப் பத்துப் பேருக்கு உங்கள் எழுத்து மாதிரிகளை அனுப்பியும் பதிலே இல்லை என்கிறீர்கள். பிரசுரமானது ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீங்களே எழுதிய மூன்று மாதிரிகள் போதும். கவிதை, சினிமா விமர்சனம், சமையல் குறிப்பு என்று பதினான்கை ஒரே கூகுள் டிரைவ் ஃபோல்டரில் போட்டு அனுப்பினால் யார் பொறுமையாகப் பார்ப்பார்கள்?

ஆனால் பத்துப் பேரில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை என்பதால் எனக்கு வேறு சந்தேகம். பகிர்வு அனுமதியை மாற்றாமல் லிங்க்கை மட்டும் அனுப்பினால், திறப்பவருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். குரோமில் இன்காக்னிட்டோ விண்டோ திறந்து உங்கள் லிங்க்கை ஒட்டிப் பாருங்கள். லாகின் கேட்டால் விஷயம் அதுதான். நானும் இரண்டு மாதம் இப்படிப் பூட்டிய கதவையே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், யாரிடம் வேலை கேட்கிறீர்களோ அவர்கள் துறையிலேயே மாதிரி எழுதுங்கள். வாகனக் காப்பீடு என்றால் 'நோ கிளைம் போனஸ்' (இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பற்றி 600 சொல்லில் ஒன்று: கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், தொடர்ந்து ஐந்து வருடம் என்றால் 50, அதுவும் சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதியில் மட்டும். கவிதையை எடுத்துவிடுங்கள். மனசு வராதுதான்.

வேறொருவர் பெயரில் எழுதிக் கொடுத்ததை மட்டும் அவரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள். ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கச் சொல்லும் விதி இருக்கலாம்.