பிளாக்செயின் கணிப்பு விளையாட்டில் மேட்ச் முடிவை யார் சொல்வது?

மேட்சில் யார் ஜெயிப்பார்கள் என்று கணித்து டோக்கன் (டிஜிட்டல் நாணயம்) வைக்கும் தளம் பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டில், ஓடினால் யாரும் ஏமாற்ற முடியாதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி.

டோக்கன்களைப் பிடித்து வைத்திருப்பது ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற நிரல். ஒரு மேட்சில் முதல் அணி மேல் 700 டோக்கன், இரண்டாவது அணி மேல் 300 சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கட்டணம் 2 சதவீதம் போனால் மிச்சம் 980. இரண்டாவது அணி ஜெயித்தால், அதன் மேல் 30 வைத்தவருக்கு 98 வரும். நிரலை வெளியிட்டிருந்தால் இந்தக் கணக்கை யாரும் சரிபார்க்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில். பிளாக்செயினுக்கு மேட்ச் பார்க்கத் தெரியாது. யார் ஜெயித்தார்கள் என்பதை வெளியிலிருந்து கொண்டுவந்து சொல்வதற்குப் பெயர் ஆரக்கிள். 2018-இல் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் வந்த ஆகர் என்ற கணிப்புத் தளத்தில், முடிவை அறிவிப்பவர்கள் அந்தத் தளத்தின் ரெப் என்ற டோக்கனை ஈடாக வைக்க வேண்டியிருந்தது. தவறாகச் சொன்னால் அதை இழக்க நேரிட்டது. தளத்தை நடத்துபவரே முடிவைப் பதிவு செய்கிறார் என்றால், பழைய நம்பிக்கைதான், சட்டை மட்டும் புதிது. மழையால் கைவிட்ட மேட்சுக்கு டோக்கன் திரும்புமா என்பதையும் முதலிலேயே படித்துவிடுங்கள்.

அப்புறம், விளையாடுபவர்களுக்குத் தளம் தரும் பரிசு டோக்கன். தோற்றவருக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள் என்றால் அது பெரும்பாலும் புதிதாக உருவாக்கியதுதான். வாங்க ஆளில்லாமல் எல்லோரும் விற்றால் விலை சரியும். மொத்தம் எத்தனை வெளிவரும், நிறுவனர்கள் கையில் எவ்வளவு, அதை அவர்கள் எப்போது விற்கலாம் என்று பாருங்கள். பல நாடுகளில் இது சூதாட்டச் சட்டத்துக்குள் வரும். டோக்கன் என்று பெயர் வைத்தால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது.