கெட்டா, போஸ்ட்டா? காரைக்குடியில் கேட்ட பிஹெச்பி கேள்விகள்

“அண்ணே, பழைய ஸ்கிரிப்டைப் புது சர்வருக்கு மாற்றினேன். லிங்க்கில் ?ஊர்=தேவகோட்டை என்று கொடுத்தும் பக்கம் காலியாகவே வருகிறது.”

பிஹெச்பி என்பது சர்வரில் இணையப் பக்கம் தயாரிக்கும் நிரல்மொழி. அந்த ஸ்கிரிப்டில் வெறும் $ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். முகவரியில் வரும் பெயரெல்லாம் தானாக வேரியபிள் (ஸ்கிரிப்டில் மதிப்பை வைத்திருக்கும் பெயர்) ஆன காலம் ஒன்று இருந்தது. யாராவது ?அட்மின்=1 என்று ஒட்டினால், அசட்டையாக எழுதிய ஸ்கிரிப்ட் அவரையும் முதலாளி ஆக்கிவிடும். அதனால் 2002ல் பிஹெச்பி 4.2 பதிப்பிலேயே அதை அணைத்து வைத்தார்கள், 2012ல் 5.4ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். முகவரியோடு வருவதை இனி $_கெட்['ஊர்'] என்றுதான் எடுக்க வேண்டும். ‘கெட்’ ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கட்டும், சின்ன எழுத்து செல்லாது. ஃபார்மை முகவரியில் காட்டாமல் போஸ்ட்டில் அனுப்பினால் $_போஸ்ட். இரண்டையும் ஒரே கூடையில் கொட்டும் $_ரிக்வெஸ்ட் பக்கம் நான் போவதில்லை.

“தம்பி, ஆத்தங்குடிக் கல் ஆர்டர் ஃபார்மில் பார்டர் கல் வேண்டாம் என்று 0 போட்டால், ‘எண்ணிக்கையை நிரப்பவும்’ என்கிறது.”

ஐயா, அது ‘காலியா’ என்று பார்க்கும் எம்ப்டி செய்யும் வேலை. ஃபார்மில் தட்டியது எண்ணானாலும் எழுத்தாகத்தான் வந்து சேரும். எம்ப்டிக்கு "0" என்ற எழுத்தும் காலிதான். பெட்டி வந்ததா என்று இஸ்செட்டில் பாருங்கள். அப்புறம் ஃபில்டர்_வார் கொண்டு முழு எண்ணா என்று சோதியுங்கள். விடை ஃபால்ஸா (முழு எண் இல்லையா) என்று மூன்று சமக்குறி போட்டே ஒப்பிடுங்கள். இரண்டு போட்டால் 0வும் ஃபால்ஸும் ஒன்றாகி, 0 மறுபடி அடிவாங்கும்.

“அண்ணா, ?பலகாரம்=தேன்குழல்&சீப்புச்சீடை என்று லிங்க் வைத்தேன். தேன்குழல் மட்டும் வருகிறது.”

சீடை தொலையவில்லை தங்கச்சி, தனி வேரியபிளாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. & என்றால் அடுத்த வேரியபிள் தொடங்குகிறது என்று அர்த்தம். லிங்க் தயாரிக்கும்போதே மதிப்பை யூஆர்எல்என்கோடில் போட்டு எடுங்கள், & என்பது %26 ஆகிவிடும். படிக்கும் பக்கத்தில் அதைத் திரும்ப டிகோட் செய்யாதீர்கள் (பழைய எழுத்தாக்காதீர்கள்), பிஹெச்பியே செய்துதான் தருகிறது. நான் ஒருமுறை இரண்டாம் தரம் டிகோட் செய்து, +91 என்று வந்த போன் எண்களில் எல்லாம் கூட்டல் குறி இடைவெளியாகிப் போனது. காரணம் பிடிபட ஒரு ராத்திரி ஆனது.

“டிக் பண்ணாத செக்பாக்ஸுக்கு வார்னிங் வருகிறதே?”

டிக் இல்லையென்றால் பிரவுசர் அதை அனுப்பவே அனுப்பாது. இஸ்செட் போதும்.

“கண்டாங்கிச் சேலை விலையை மறைவான பெட்டியில் அனுப்பலாமா?”

வேண்டாம். போஸ்ட் என்பதால் யாரும் தொட முடியாது என்றில்லை. பிரவுசரிலேயே அதை 1 ரூபாயாக மாற்றி அனுப்பலாம். சேலையின் கோட் எண் மட்டும் வரட்டும், விலையை உங்கள் டேட்டாபேஸிலிருந்து எடுங்கள்.